கைவேலைக் கொழும்பு – 9: ஒழுங்கைக்குள் ஓர் அலைவரிசை

சென்ற இதழில் இரத்மலானை ரயில்வே வேலைத்தளத்தையும், 1893இல் மருதானையில் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரியையும் பார்த்தோம். அங்கே கைவேலை செய்தவர்களுக்குச் சம்பளம் இருந்தது, மேலாளர் இருந்தார், மணியடித்தால் வேலை முடிந்தது. இந்த இதழில் வருகிறவர்களுக்கு அந்த மணி அடித்த பிறகுதான் வேலை தொடங்கும். பகலில் கந்தோரில் எழுதுவினைஞர், துறைமுகத்தில் கணக்கர், பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். மாலையில் விறாந்தையின் மூலையில் மேசையைப் போட்டு, ஈயம் உருக்கிக் கம்பி ஒட்டி, காற்றில் வருவதைப் பிடிக்கப் பார்த்தவர்கள். காசுக்காக இதைச் செய்தவர்கள் சிலர். ஆசைக்காகச் செய்தவர்களே அதிகம்.

இலங்கை வானொலி என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவில் எழுவது குரல்கள்: எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத். கடல் தாண்டித் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகள் வரை போன குரல்கள் அவை. அவற்றைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம், இன்னும் எழுதவேண்டும். அந்தக் குரல்கள் ஒலிக்க ஒரு பெட்டி தேவைப்பட்டதே, அந்தப் பெட்டியைக் கட்டிய, திருத்திய, கழற்றிப் பார்த்த கைகளைப் பற்றி நாம் எழுதியது மிகக் குறைவு. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. ஏனென்றால் இந்த நாட்டில் ஒலிபரப்புத் தொடங்கியதே கழற்றிய பாகங்களை வைத்துத்தான்.

எட்வர்ட் ஹாப்பர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1921இல் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராகக் கொழும்புக்கு வந்தார். லண்டனில் பீபீசி 1922 நவம்பரில் ஒலிபரப்பைத் தொடங்கியது. மறு ஆண்டே ஹாப்பர் இங்கே சோதனையில் இறங்கிவிட்டார். கையில் ஒலிபரப்பி எதுவும் இல்லை. முதல் உலகப் போரில் பிடிபட்ட ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவி கிடைத்தது. அதைப் பிரித்து, அதன் பாகங்களைக் கொண்டு திணைக்களத்துப் பொறியியலாளர்கள் ஓர் ஒலிபரப்பியைக் கட்டினார்கள். மத்திய தந்தி அலுவலகத்தின் சின்ன அறை ஒன்றிலிருந்து கிராமபோன் இசைத்தட்டுகள் காற்றில் ஏறின. 1925 டிசெம்பர் 16இல் தேசாதிபதி சேர் ஹியூ கிளிபர்ட், வெலிக்கடையில் 1 கிலோவாட் நிலையத்தைத் திறந்து வைத்தார். ஆசியாவின் மூத்த வானொலிகளில் ஒன்று என்று நாம் பெருமை பேசும் நிலையம் இதுதான்.

ஹாப்பர் செய்த இன்னொரு காரியத்தை இந்தத் தொடருக்கு அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். வெள்ளைக்காரரும் உள்ளூராருமான வானொலி ஆர்வலர்களைச் சேர்த்து ‘சிலோன் வயர்லெஸ் கிளப்’ என்ற சங்கத்தை அவர் தொடங்கினார். ஒலிபரப்பு நடத்த அரசாங்கம் போதும். கேட்பதற்கு ஆள் வேண்டும், அந்த ஆளிடம் பெட்டி வேண்டும். கப்பலில் வந்திறங்கும் பெட்டியை வாங்க எத்தனை பேரால் முடிந்திருக்கும்? தானே செய்யத் தெரிந்தவன்தான் முதல் நேயர்.

பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கமும் அதே காலத்தில் அதே வேலை நடந்துகொண்டிருந்தது. சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி, இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பாகங்களைப் பூட்டி 40 வாட் ஒலிபரப்பி ஒன்றைச் செய்தார். 1924 மே 16இல் ‘மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்’ உருவானது, ஜூலை 31இல் ஒலிபரப்பு ஆரம்பித்தது. 1927இல் பணம் தீர்ந்து நின்றுபோய், கருவி சென்னை மாநகராட்சியின் கைக்குப் போனது. சென்னையில் ஆர்வலர்கள் நிலையத்தையே நடத்தினார்கள். கொழும்பில் நிலையம் அரசாங்கத்துடையது, ஆர்வலர்களின் இடம் வீடு. இந்த வேறுபாடு பின்னால் நெடுங்காலம் தொடர்ந்தது.

வீட்டில் என்ன செய்தார்கள் என்று கொஞ்சம் நின்று பார்ப்போம். மிக எளிய பெட்டி கிறிஸ்டல் செற். அதற்கு மின்சாரமே வேண்டாம். அட்டைக் குழாய் ஒன்றில் பஞ்சுநூல் சுற்றிய செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, மேலே அரக்கு மெருகு பூசினால் கொயில். கலீனா என்ற ஈயத்தாதுக் கட்டி ஒரு சிறு துண்டு, அதன் முகத்தில் தொட்டுக்கொண்டிருக்க ஊசிமுனை போன்ற மெல்லிய கம்பி, காதில் மாட்ட ஹெட்போன். கல்லின் எல்லா இடமும் ஒத்துழைக்காது. கம்பி முனையை அங்குமிங்கும் நகர்த்தி, ஒலி எழும் புள்ளியைத் தேட வேண்டும். யாராவது கதவை அடித்துச் சாத்தினால் அந்தப் புள்ளி தவறிவிடும். ஏரியல் நீளமாகவும் உயரமாகவும் இருக்க வேண்டும். அந்த வகையில் கொழும்பு கொடுத்து வைத்த ஊர். இரண்டு தென்னைகளுக்கு நடுவே கம்பியை இழுத்துக் கட்டினால் வேறு கோபுரம் தேவையில்லை.

ஆனால் இங்கிலாந்துச் சஞ்சிகைகள் சொல்லித்தராத இரண்டு பாடங்களை இந்த ஊரில் தாங்களாகவே படிக்க வேண்டியிருந்தது. முதலாவது இடி. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு மேல் வானம் இருண்டுவிடும். தென்னந்தலையில் கட்டிய கம்பி மின்னலை நேரே வீட்டுக்குள் கூட்டிவரும். ஏரியலைப் பெட்டியிலிருந்து விலக்கி நிலத்தோடு இணைக்கும் ஆளி ஒன்றை யன்னலோரம் வைப்பதும், இருட்டும்போதே அதைத் திருப்பிவிடும் பழக்கமும் இங்கே உயிர் காக்கும் விஷயங்கள். இரண்டாவது உப்புக் காற்று. வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் எந்த உலோகமும் பளபளப்பாக நிலைக்காது. நிலையத்தைத் தேடித் திருப்பும் கொண்டன்சரின் தகடுகள் பூத்துப்போகும், ஆளிகள் கரகரக்கும், காகிதக் கொண்டன்சர்கள் ஈரம் குடித்துக் கசியும். கொட்டாஞ்சேனையில் ஓடுகிற பெட்டி வெள்ளவத்தையில் ஊமையாவதற்குக் கடல் காரணம் என்று கண்டுகொள்ள அனுபவம் வேண்டும்.

வால்வுப் பெட்டி வந்ததும் செலவும் சிக்கலும் கூடின. இழையைச் சூடாக்க 2 வோல்ட் ஈயப் பற்றரி ஒன்று, மேல் அழுத்தத்துக்கு 90, 120 வோல்ட் உலர் பற்றரி ஒன்று. ஈயப் பற்றரி இறங்கியதும் அமிலம் சிந்தாமல் சார்ஜ் கடைக்குத் தூக்கிப் போக வேண்டும். ஒரே வால்வை வைத்துத் தூரத்து நிலையங்களைக் கேட்க ஒரு வழி இருந்தது. வெளியே வரும் சமிக்ஞையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே கொடுப்பது. அளவோடு கொடுத்தால் அற்புதமாக வேலை செய்யும். கொஞ்சம் மிஞ்சினால் கேட்கும் பெட்டியே அனுப்பும் பெட்டியாகி, அக்கம்பக்கத்து வீடுகளின் ரேடியோக்களிலெல்லாம் ஊளையிடும். ஒருவன் செய்த பிழை அடுத்த வீட்டில் கேட்கும் என்றால், இருவரும் பேசித்தான் ஆகவேண்டும். வானொலிச் சங்கங்கள் எந்த நாட்டிலும் இவ்வளவு சீக்கிரம் முளைத்ததற்கு அறிவுத் தாகம் பாதிக் காரணம் என்றால், இந்த அயல் வீட்டுச் சண்டை மீதிக் காரணம் என்றே நினைக்கிறேன். தோட்டம் போடுகிறவன் தனியாகப் போடலாம், முத்திரை சேர்க்கிறவன் தனியாகச் சேர்க்கலாம். ரேடியோ செய்கிறவனுக்குத் தனிமை கிடையாது.

கேட்பதோடு நில்லாமல் அனுப்பவும் விரும்பியவர்கள் அமெச்சூர் வானொலிக்காரர்கள் ஆனார்கள். அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், பரீட்சை வேண்டும், மோர்ஸ் வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக்குறி. காலனி நாட்களில் இலங்கைக்காரரின் குறி வி.எஸ்.7 என்று தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு 4.எஸ்.7 ஆனது. இன்றும் அதுதான். ஒரு ரஷ்யரோடோ பிரேசில்காரரோடோ ஐந்து நிமிடம் பேசி முடித்தால், இரண்டு பக்கமும் ஓர் அட்டையைத் தபாலில் அனுப்பிக்கொள்வார்கள். கேட்ட நேரம், அலைநீளம், சத்தத்தின் தரம், தன் கருவியின் விவரம், அவ்வளவுதான் அதில் இருக்கும். கியூ.எஸ்.எல். அட்டை என்று பெயர். முன்பின் காணாத மனிதரிடமிருந்து மாதக்கணக்கில் கழித்து வரும் அந்த அட்டைகளால் சுவரை நிறைத்த அறைகள் உலகம் முழுவதும் இருந்தன, கொழும்பிலும் இருந்தன.

1939இல் போர் மூண்டதும் பிரித்தானியப் பேரரசு அமெச்சூர்களின் வாயை மூடியது. எதிரிக்கு எந்தச் செய்தியும் போய்விடக் கூடாது என்ற பயம். அதே போர்தான் கருவிகளையும் மலையாகக் கொண்டுவந்து குவித்தது. நேசநாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் 1944இல் தம் தென்கிழக்காசியத் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றினார். படையினருக்காகத் தொடங்கிய ரேடியோ சியாக், ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பியை நிறுவியது. வெலிக்கடை தொடங்கியபோது இருந்த வலுவைப்போல் நூறு மடங்கு. போர் முடிந்து அது இலங்கையின் கைக்கு வந்து, 1949இல் ரேடியோ சிலோன் ஆனது. மயில்வாகனத்தின் குரல் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போனது இந்தக் கருவியின் தோளில் ஏறித்தான்.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த காலம். கஷ்டகாலம்தான். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வறண்டு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. 1970க்கும் 1977க்கும் இடையில் அவை உச்சத்தை எட்டின. பாணுக்கே வரிசையில் நின்ற நாட்டில் ட்ரான்சிஸ்டரை யார் இறக்குவார்? உலகில் மற்ற இடங்களில் ட்ரான்சிஸ்டர் மலிந்து, பள்ளிச் சிறுவன் கைச்செலவுக் காசில் வாங்கும் பொருளாகிக்கொண்டிருந்தது. கொழும்பில் அது பழைய பெட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளாக இருந்தது.

எடுப்பது லேசான வேலை இல்லை. அந்நாளைய ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டர்கள் சூடு தாங்காதவை. ஒட்டும்போதும் கழற்றும்போதும் காலைக் குறட்டால் பிடித்துக்கொள்ள வேண்டும், வெப்பம் குறட்டுக்குள் இறங்கிவிடும். பிறகு காலை நிமிர்த்தி, மீற்றரில் வைத்துச் சோதித்து, உயிரோடிருந்தால் தீப்பெட்டிக்குள் போடுவது. ஓ.சி.71 என்று ஒரு ட்ரான்சிஸ்டர் இருந்தது, கண்ணாடி உடல், மேலே கறுப்பு வர்ணம். அந்த வர்ணத்தைச் சுரண்டிவிட்டால் உள்ளே வெளிச்சம் விழுந்து அது ஒளியை உணரும் கருவியாக மாறிவிடும். ஒளி உணரும் வகை என்று தனியாக விற்றது விலை கூடியது. இந்த உபாயம் இங்கிலாந்துச் சிறுவர்களுக்கும் தெரியும். அவர்களுக்கு அது விளையாட்டு, இங்கே வேறு வழி இல்லை.

அந்த நாட்களில் கொட்டாஞ்சேனைக்கு ஒரு வசதி இருந்தது. ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் நடந்துபோகும் தூரத்தில் புறக்கோட்டை. கப்பல்காரர் கொண்டுவரும் சாமான் முதலில் இறங்கும் இடம் இது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனக் கடைகள், பஞ்சிகாவத்தையில் கழற்றிய வாகனங்களின் பாகங்கள், ஆமர் வீதிப் பக்கம் இரும்புச் சாமான். செட்டியார் தெருவில் தட்டார் பட்டறைகள், அங்கே மெல்லிய சாமணமும் சிறு குறடும் கிடைக்கும். பழைய ‘பிரக்டிக்கல் வயர்லெஸ்’ சஞ்சிகை வேண்டுமானால் மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகள். இந்த எல்லாக் கடைகளையும் கால்நடையாகச் சுற்றிவர ஒரு சனிக்கிழமை போதும். வாங்குகிறவன் கடைவாசலில் நின்று பேசுவான், அந்தப் பேச்சில் கொயிலுக்கு எத்தனை சுற்று, எந்த ட்ரான்சிஸ்டருக்கு எது மாற்று, யாரிடம் உடைந்த ஃபிலிப்ஸ் பெட்டி இருக்கிறது என்பதெல்லாம் கைமாறும். தமிழனும் சிங்களவனும் முஸ்லிமும் பறங்கியும் ஒரே சுற்றுப்படத்தைக் குனிந்து பார்த்த இடங்கள் அவை. சுற்றுப்படத்துக்கு மொழி பெயர்ப்பு தேவைப்படவில்லை.

அதே ஆண்டுகளில், அதே நகரத்தில், வானத்தின் மறு எல்லையில் ஒருவர் இருந்தார். 1945 ஒக்டோபர் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில், பூமியோடு சேர்ந்து சுழலும் செய்மதிகள் மூலம் உலகம் முழுவதும் ஒலிபரப்பலாம் என்று எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் இலங்கைவாசி. 1975இல் இந்தியா செய்மதித் தொலைக்காட்சிப் பரிசோதனையை நடத்தியபோது, இந்திய விண்வெளி நிறுவனத்துப் பொறியியலாளர்கள் கொழும்பில் அவருடைய வீட்டில் ஒரு பெரிய தட்டு அன்ரனாவைப் பொருத்திக் கொடுத்தார்கள். நாட்டில் தொலைக்காட்சி நிலையம் தொடங்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. கறுவாத்தோட்டத்தில் ஒரு கூரை 36,000 கிலோமீற்றர் உயரத்திலிருந்து படம் பிடித்துக்கொண்டிருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒருவர் தீப்பெட்டிக்குள் ட்ரான்சிஸ்டர் சேர்த்துக்கொண்டிருந்தார். இருவரையும் ஒரே வரலாற்றில் வைக்க வேண்டும்.

1977இல் பொருளாதாரம் திறந்தது. 1979 ஏப்ரல் 13இல் ஐ.ரி.என்., 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி. பாகங்கள் வந்து குவிந்தன, கூரைகளில் அலுமினியக் குழாய் அன்ரனாக்கள் முளைத்தன. வேகமாகக் கடந்துபோகக்கூடிய, சந்தோஷமான ஆறு ஆண்டுகள்.

1983 ஜூலை இனவன்முறையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிர்களின் கணக்கு முன்னே நிற்க வேண்டும், அதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். இந்தத் தொடர் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. வீட்டு வேலை மேசை என்பது இருபது, முப்பது வருடங்களாகத் துண்டு துண்டாகச் சேர்த்தது. சுற்றிவைத்த கொயில்கள், கையால் வரைந்த சுற்றுப்படங்கள், எந்தத் திருத்தம் எந்தப் பெட்டியில் பலித்தது என்று எழுதிய கொப்பிகள், அயல்நாட்டு அட்டைகள். காப்புறுதிப் பட்டியலில் இவற்றுக்கு விலை போட முடியாது. கைகளின் வரலாறு ஏன் எழுதப்படவில்லை என்பதற்கு ஒரு பதில் இது: தமிழர் பக்கத்து ஆவணங்களில் ஒரு பெரும் பகுதி அந்த வாரத்தில் சாம்பலாகிவிட்டது. பிழைத்தவர்களில் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள், கையிலிருந்த வித்தையும் அவர்களோடு டொரொன்டோவுக்கும் லண்டனுக்கும் போனது.

வித்தை வடக்கே வேறு வடிவம் எடுத்தது. போரால் 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. தடைசெய்த பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. ஆனால் செய்தி வேண்டும், எங்கே ஷெல் விழுந்தது என்று தெரிய வேண்டும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்குக் கம்பி இழுத்தார்கள். டைனமோ தருவது 6 வோல்ட் மாறுமின்னோட்டம், ரேடியோவுக்கு வேண்டியது நேர்மின்னோட்டம். நான்கு டயோட்டுகளும் ஒரு பெரிய கொண்டன்சரும் சேர்த்தால் சரியாகும். மிதிக்கிறவன் களைத்தால் குரல் தாழும், வேகம் பிடித்தால் பெட்டி எரிந்துபோகும். ஒரே சீராக மிதிக்கப் பழகிய பிள்ளைகள் பின்னேரங்களில் தேவைப்பட்டார்கள். பீபீசி தமிழோசையை ஒரு தலைமுறை இப்படித்தான் கேட்டது. இதைத் துன்பக் கதையாக மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். பொறியியல் கதையாகவும் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. செம்பருத்தி வேலிக்குப் பின்னால் டயோட்டுப் பாலம் கட்டியவர்கள் ஹாப்பரின் நேர்ப் பரம்பரை.

1995 இறுதியில் குடாநாட்டின் பெரும்பகுதி இடம்பெயர்ந்தது. அவர்களில் வழி கிடைத்தவர்கள் வெள்ளவத்தையின் லொட்ஜுகளுக்கும் பங்கு அறைகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். கையில் வித்தை இருந்தது, மேசை போட இடம் இல்லை. இடம் கிடைத்தாலும் துணிவு இல்லை. இரவில் கதவு தட்டப்பட்டு, பெயர் கேட்டு, பொலிஸ் பதிவுத்துண்டு கேட்டு, அறையைத் தேடுகிற காலத்தில், வயர்ச்சுருளும் சேர்க்கிட் பலகையும் மணிக்கூட்டுப் பாகமும் ஒரு தமிழ் இளைஞனின் மேசையில் கிடந்தால் அதற்கு என்ன விளக்கம் சொல்வது? பொழுதுபோக்கு என்று சொன்னால் நம்புவார்களா? என் தலைமுறையில் எத்தனையோ பேர் சோல்டரிங் அயனைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டுக் கணக்கியல் படிக்கப் போனார்கள். அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

2004 டிசெம்பர் 26 காலை சுனாமியாகக் கடல் வந்தது. தொலைபேசிக் கம்பங்கள் சாய்ந்தன, கைத்தொலைபேசி வலை திணறியது. இலங்கை வானொலிச் சங்கத்தின் அப்போதைய தலைவர் விக்டர் குணதிலக்கவும் நண்பர்களும் சிற்றலைக் கருவிகளையும் கார் பற்றரிகளையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். ஒரு குழு அம்பாந்தோட்டைக்குப் போய்க் கம்பி கட்டியது, கொழும்பில் பிரதமரின் இடத்தில் இன்னொரு முனை அமைந்தது. கோபுரமும் பரிவர்த்தனை நிலையமும் இல்லாமல், 12 வோல்ட்டில், இரண்டு மரங்களுக்கிடையே கட்டிய கம்பியில் செய்தி போய்வந்தது. அந்தமானிலும் இதே நடந்தது. அமெச்சூர் வானொலித் தொடர்புகளுக்காகப் போர்ட் பிளேயருக்குப் போயிருந்த பாரதி பிரசாத்தும் குழுவினரும் அன்று காலை முதல் நிவாரணச் செய்திகளைச் சுமக்கத் தொடங்கினார்கள்.

இலங்கையில் அன்று அதிகமானோர் இறந்தது அம்பாறை மாவட்டத்தில். கல்முனையும் மட்டக்களப்பும் முல்லைத்தீவும் வடமராட்சிக் கரையும் அடியோடு அள்ளுண்டன. கரையோரம் முழுவதும் தென்னைகள் நின்றன, கார் பற்றரிகளும் கிடைத்திருக்கும். கம்பி கட்டவும் அழைப்புக்குறி சொல்லி அழைக்கவும் பழகிய கைகள் ஊருக்கு ஒன்றாவது அங்கே இருந்திருக்க வேண்டும். இரண்டு தசாப்தப் போர், வீட்டில் ஓர் அனுப்பியை வைத்து விளையாடும் சுதந்திரத்தை அந்தக் கரையில் எவருக்கும் விட்டுவைக்கவில்லை.